அபயம் அளித்தவன் கடன்

புறாவுக்கு அபயம் அளித்த சிபியின் கதையில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் ஓர் அம்சம், துரத்தி வந்த பருந்தின் வழக்கையும் அம்மன்னன் செவிமடுத்தான் என்பதாகும். இரை தன் உரிமை என்று பருந்து சொல்ல, அதை மறுக்காமலும், அடைக்கலம் புகுந்ததைக் கைவிடாமலும், இரண்டு தர்மங்களுக்கிடையே எழுந்த பிணக்கைத் தன் தொடைச் சதையை அரிந்து தராசிலிட்டே அவன் தீர்த்தான். ஓர் அரசு தன் எல்லைக்குள் இழைக்கும் கொடுமையைத் தடுக்க அந்நியப் படை புகலாமா என்ற வினாவைக் குர்து மக்களின் சரித்திரத்தோடு வைத்து எண்ணும்போதெல்லாம் அந்தத் தராசே என் கண்முன் நிற்கிறது.

1920-ல் செவ்ரே உடன்படிக்கை அவர்களுக்குச் சுயாட்சிக்கு வழி காட்டிற்று. 1923-ல் லோசான் உடன்படிக்கையில் அவர்களுக்கென ஒரு ஷரத்தும் இல்லை. 1975-ல் ஈரானின் ஷாவும் ஈராக்கின் ஸதாம் ஹுசேனும் அல்ஜியர்ஸில் சமரசமானதும், ஈராக்கியக் குர்துத் தலைவர் முஸ்தபா பர்ஸானியின் போராட்டத்துக்கு ஈரானும் அமெரிக்காவும் அளித்துவந்த உதவி நின்றது. சில வாரங்களில் போராட்டமும் குலைந்தது.

ஆயினும் 1991-ல் நடந்ததைப் போல் மனத்தை வருத்துவது வேறில்லை. வளைகுடாப் போரின்போது, பிப்ரவரி 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், ஸதாமை அகற்றும் காரியத்தை ஈராக்கியப் படையும் மக்களும் தாமே ஏற்க வேண்டுமென்று பகிரங்கமாக அழைத்தார். மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தனர். கிர்குக் நகரமும் குர்துகள் வசமாயிற்று. ஆனால், ஸஃப்வானில் போர்நிறுத்தம் பேசிய அமெரிக்கத் தளபதி, ஈராக்கியர் ஹெலிகாப்டர் ஓட்ட இசைந்திருந்தார். அந்த ஹெலிகாப்டர்களே எழுந்தவர்களின் தலைமேல் வந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் ஹலப்ஜாவில் வானிலிருந்து வீழ்ந்த விஷவாயு 5,000 பேர் வரை மாய்த்ததை மறவாத ஜனங்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், துருக்கி, ஈரான் எல்லைகளை நோக்கி மலையேறினர். பனியிலும் சேற்றிலும் குழந்தைகளைத் தோளில் சுமந்து ஏறிய தந்தையருள் பலர், அக்குழந்தைகளை அம்மலைகளிலேயே புதைக்க நேர்ந்தது.

ஏப்ரல் 5-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஈராக்கின் அடக்குமுறையைக் கண்டிக்கும் 688-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது இந்தியாவும் சீனாவும் வாக்களியாது ஒதுங்கின. அதைக் கோழைத்தனமென்று இகழ நான் ஒருப்படேன். அந்நிய ஆட்சியை அனுபவித்த தேசத்துக்கு, உபகாரம் செய்யப் புறப்படும் சேனையிடம் அச்சம் இருப்பது நியாயமே. எனினும், 36-ஆம் அட்சரேகைக்கு வடக்கே ஈராக்கிய விமானங்கள் பறக்கலாகாதென்ற தடையும் மேனாட்டுப் படைகளின் காவலும் வந்த பின்பே அம்மக்கள் மலையிறங்கினர். 1992 மே மாதத்தில் வாக்களித்துத் தமக்கொரு சட்டசபை கண்டனர். பின்னர் அவர்களுடைய இரு கட்சிகள் தம்முள் பொருது இரத்தம் சிந்தியதைக் காட்டி, சுயாட்சிக்கு அவர்கள் தகுதியற்றவர் என்போர் உண்டு. அந்த அளவுகோலுக்கு எந்தத் தேசந்தான் தேறும்?

துயருறும் ஒவ்வொரு ஜனத்துக்காகவும் படை நடத்தும் கடமை எவருக்கும் இல்லை என்பதே என் துணிபு. ஆனால், எழுங்கள் என்று அழைத்தவன், பிறகு அயலான் அரசுரிமையை மதிக்கிறேன் என்று ஒதுங்குவது தர்மமாகாது. அந்த உரிமையை அவன் அழைத்த அன்றே மீறிவிட்டான். ஒதுங்கும்போது, தன் சதையை விடுத்து, தன் சொல்லை நம்பினவனின் சதையை அன்றோ அவன் அரிந்து வைக்கிறான்!

2019 அக்டோபரில், ஐ.எஸ். இயக்கத்தை எதிர்த்து அமெரிக்காவுடன் நின்று போரிட்ட சிரியக் குர்துகளை விட்டு எல்லையிலிருந்த அமெரிக்கத் துருப்புகள் விலகின. சில நாட்களில் துருக்கியப் படை நுழைந்தது. துருப்புகள் என்றென்றும் அங்கேயே தங்கவேண்டுமென்பதன்று என் வாதம். ஈராக்கியக் குர்துகளின் சுயாட்சிக்கு 2005-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது; சிரியக் குர்துகளுக்கு அத்தகைய ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை. புறப்படுமுன், டமாஸ்கஸிடமும் அங்காராவிடமும் அதற்காகத் தன் செல்வாக்கு முழுவதையும் செலவழித்திருக்க வேண்டியது வாஷிங்டனின் கடன்.