தண்டிப்பார் இல்லாத நெறி

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. கணினி வலைகளைக் கையாள்வதில் நாடுகள் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்று 20 நாடுகளின் வல்லுநர் குழு 11 நெறிகளை வகுத்திருந்தது. அவற்றை வழிகாட்டியாகக் கொள்ளுமாறு உறுப்பு நாடுகள் அனைத்தையும் அத்தீர்மானம் அழைத்தது. பிற நாட்டு மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத அமைப்புகளைச் சிதைத்தலாகாது என்பது அந்நெறிகளுள் ஒன்று.

அதே நாளில் உக்ரைனின் மேற்குப் பகுதியில், மின் வினியோக நிலையப் பணியாளர்கள் தங்கள் கணினித் திரையில் சுட்டிக்குறி தானே நகர்ந்து மின்னிணைப்புகளைத் துண்டிப்பதைக் கண்டு திகைத்தனர். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் குளிர்காலத்தில் சில மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். முறையிட முயன்றோருக்குத் தொலைபேசியும் கிட்டவில்லை. போலி அழைப்புகள் அந்த இணைப்புகளை அடைத்திருந்தன. பணியாளர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் விரைந்து, கைகளால் விசைகளை இயக்கியே ஒளியை மீட்டனர்.

அந்த 11 நெறிகள் சட்டமல்ல; விரும்பி ஏற்கப்படுபவை. மீறுவோரைத் தண்டிக்க மன்றமும் இல்லை. அங்ஙனமாயின் அவற்றை நெறி என்பது தகுமா? அஞ்சத்தக்க ஆற்றல் பின்னே நில்லாத உடன்பாடு எவரையும் கட்டாது என்றே தாமஸ் ஹாப்ஸ் கருதினார்.

மகாபாரதம் இக்கேள்வியை வேறு விதமாக அணுகுகிறது. பீஷ்ம பருவத்தில், போர் தொடங்குமுன் இரு தரப்பாரும் சில விதிகளுக்கு உடன்படுகின்றனர். தேரோட்டியைத் தாக்கலாகாது, சங்கும் பேரிகையும் முழக்குவோரைத் தாக்கலாகாது. பின்னர் விதிகள் மீறப்பட்டன என்பதை யாவரும் அறிவர். ஆயினும் துரியோதனனைப் பீமன் தொடையில் அடித்தபோது பலராமர் கொதித்தெழுந்தார். கதைப்போருக்கு விதியே இல்லாதிருந்தால் அந்தச் சினத்திற்குப் பொருள் இருந்திராது. மீறலை மீறல் என்று அழைக்கும் சொல்லை நெறியே தருகிறது. உக்ரைன் நிகழ்வுக்காகவும் வேறு பல தாக்குதல்களுக்காகவும் 2020 அக்டோபரில் அமெரிக்கா ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் அறுவர்மீது குற்றம் சாட்டியது. ரஷ்யா அதை மறுத்தது. 'எங்களுக்கு அந்த உரிமை உண்டு' என்று அது வாதிடவில்லை. 'நாங்கள் செய்யவில்லை' என்றே கூறியது. (இதைப் பெரிதாகக் கொண்டாடவும் வேண்டியதில்லை. கள்வனும் ஒளிந்தே செல்கிறான். அது அறத்தின்பால் கொண்ட மதிப்பு ஆகாது.)

பிறரைத் தாக்குவது தவறு என்பதை ஒப்புக்கொள்வது எளிது. அந்நெறிகளுள் வேறொன்று அரசுகளைக் கடினமாகச் சோதிக்கிறது. கணினி மென்பொருளில் குறை கண்டால் அதைப் பொறுப்புடன் தெரிவிப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. அண்டை அரசனின் கோட்டையைக் கட்டிய கொத்தனே தன் கோட்டையையும் கட்டியவன். இரண்டிலும் ஒரே இடத்தில் பிளவு உண்டு. அதை அறிந்த அரசன், ஒருநாள் அண்டை நாட்டில் நுழையப் பயன்படும் என்றெண்ணித் தன் காவலருக்கும் சொல்லாமல் மறைக்கிறான். இது காவலா, வஞ்சகமா?

இது கற்பனைக் கதை மட்டுமன்று. 'விண்டோஸ்' மென்பொருளின் குறையொன்றை நுழைவாயிலாகக் கொண்டு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கிய கருவி களவுபோய், 2017 ஏப்ரலில் வெளியாயிற்று. மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. எனினும் பலர் அதை நிறுவவில்லை. மே மாதத்தில் அதே வழியாக 'வான்னாக்ரை' பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைபட்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. கருவியைச் செய்தவரும் ஏவியவரும் வேறு வேறானவர். வட கொரியாவே ஏவியது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. செய்தவரின் பங்கு அத்துடன் தீர்ந்துவிடுமா?

எக்குறையை மறைப்பது, எதை வெளியிடுவது என்று எடைபோடும் முறையை 2017 நவம்பரில் அமெரிக்கா பொதுவில் வெளியிட்டது. இது முன்னேற்றமே. ஆனால் துலாக்கோலைப் பிடிப்போர் அவ்வரசின் துறையினர் மட்டுமே. அதே மென்பொருளை நம்பி அறுவைக்கூடத்தை நடத்தும் வேறொரு நாட்டு மருத்துவமனைக்கு அந்த அவையில் இருக்கை இல்லை.