நடந்தவரும் வழி சமைத்தவரும்

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வழியாகப் பரங்கிமலைக்கு இன்று வண்டியிலேயே போய்விடலாம். எனினும் நேர்த்திக்கடனென்று கால்நடையாகவே புண்ணியத் தலங்களை நாடுவோர் குறைந்துவிடவில்லை. ஆகஸ்டு மாத இறுதியில், காவி உடுத்தி வேளாங்கண்ணி நோக்கி நடக்கும் கூட்டங்களை ஆண்டுதோறும் காண்கிறோம். வண்டி இருக்க நடப்பானேன்? யாத்திரையின் பயன் பட்ட துன்பத்தில்தான் இருக்கிறதா?

ஆம் என்றால் ஒரு சிக்கல் எழுகிறது. துன்பமே புண்ணியமாயின், பாதையை எளிதாக்குகிறவர் பிறர் புண்ணியத்தைக் குறைப்பவராகிவிடுவார். ஆனால் மக்கள் அவரை அப்படியா நினைவில் வைத்திருக்கிறார்கள்?

பரங்கிமலையையே பார்ப்போம். புனித தோமையார் உயிர் நீத்த இடம் அது என்பது கிறித்தவ மரபு. போர்த்துக்கீசியர் 1523ஆம் ஆண்டு அதன் உச்சியில் கோயில் எழுப்பினர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், பதினெட்டாம் நூற்றாண்டில் அம்மலைக்குக் கற்படிகள் அமைத்தார். சென்னையிலிருந்து மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726ஆம் ஆண்டு பாலமும் கட்டினார். அவற்றின் பராமரிப்புக்கும் பொருள் ஒதுக்கி வைத்தார். யாத்திரிகருக்கென எழுந்த பாலத்தில் வணிகரும் உழவரும் எல்லாச் சமயத்தவரும் நடந்தனர். 1966ஆம் ஆண்டு அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. மலைப்படிகளில் மட்டும் இன்றும் மக்கள் ஏறுகிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதுவே கதை. பிரான்சிலிருந்து பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்து ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குச் செல்லும் பழைய யாத்திரைப் பாதை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுடையது. முதல் நாளிலேயே 1,400 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கவேண்டும். இறங்கும் இடமான ரோன்செஸ்வாயேசில், பனியிலும் காற்றிலும் களைத்து வருவோருக்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு விடுதி அமைந்தது. அப்பாதையில் மேலும் சில நாள் நடந்தால் வரும் ஊர் ஒன்று, 1109ஆம் ஆண்டு மறைந்த தொமிங்கோவின் பெயரையே தாங்கி நிற்கிறது. துறவு மடங்கள் ஏற்க மறுத்த அவர், யாத்திரிகருக்காகக் காடு திருத்திச் சாலை போட்டார். ஆற்றுக்குப் பாலம் கட்டினார். மக்கள் அவரைப் புனிதர் என்றே போற்றினர்.

அப்படியானால் நடப்பது வீணா? அன்று. துன்பத்தில் இரு வகை உண்டு. தானே விரும்பித் தன்மேல் ஏற்றுக்கொள்வது ஒன்று. விலக்க முடிந்தும் பிறர்மேல் விட்டுவைப்பது மற்றொன்று. முன்னது நோன்பு, பின்னது கொடுமை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே, "கஷ்டப்படட்டும், அதுதான் புண்ணியம்" என்று பிறரைப் பார்த்துச் சொல்லத் துணிகின்றனர். முழங்கால் வலியுடன் மலையேறும் மூதாட்டிக்குப் படிக்கட்டு வேண்டாமென்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

நடையின் உண்மைப் பயன் வேறு. வண்டியில் போகிறவருக்கு வழியிலுள்ளவர் எவரும் தேவையில்லை. நடப்பவரோ ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு திண்ணை நிழலுக்கும் முன்பின் அறியாதவரை நம்பவேண்டியிருக்கிறது. செல்வரும் அவ்வழியில் சில நாள் ஏழையாகிறார். அந்த நாட்கள் ஊர் திரும்பியபின் தம் வாசலில் வந்து நிற்பவருக்குக் கதவு திறக்கும் மனத்தைத் தந்தால், அவர் நடந்தது பயனுடையது. தராவிட்டால் கால் நொந்ததே மிச்சம்.

உஸ்கானும் தொமிங்கோவும் எத்தனை முறை யாத்திரை போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அவர்கள் அமைத்த வழியில் எத்தனையோ தலைமுறைகள் போயின, அது போதும்.