கைகளைத் தந்த நதி

சித்தூர் நகருக்கு அருகே, பாஹுதா என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது காணிப்பாக்கம். அங்கே கிணற்றினுள் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகரைச் சத்தியத்தின் காவலராகவே மக்கள் போற்றுகின்றனர். கடன், நிலம், களவு முதலிய வழக்குகளில் உண்மை புலப்படாதபோது, சம்பந்தப்பட்டவர்கள் திருக்குளத்தில் நீராடி அவர் சந்நிதியில் சத்தியம் செய்வது நெடுநாளைய வழக்கம். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்புவதில்லை என்பது நம்பிக்கை. குளத்தில் இறங்கும்போதே மனம் தளர்ந்து, செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுபவர்களும் உண்டு என்பர்.

அவ்வாறு ஒப்புக்கொள்ள வைப்பது அச்சம். யாரும் குற்றம் சாட்டாத நிலையில், எவரும் வற்புறுத்தாமல், ஒருவர் தாமே சென்று தம் குற்றத்தைச் சொல்வாரா? அந்த ஆற்றின் பெயரிலேயே இதற்கு விடை இருக்கிறது. ‘பாஹு’ என்றால் கை. ‘தா’ என்றால் தருவது.

குருக்ஷேத்திரப் போர் முடிந்தபின், உறவினரைக் கொன்ற பழியால் மனம் வெந்து, அரசைத் துறக்க எண்ணிய தருமபுத்திரருக்கு வியாசர் சொன்ன வரலாறு இது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வருகிறது. காணிப்பாக்கத்துத் தல புராணம் இதைத் தன் ஆற்றங்கரையில் நடந்ததாகவே கொள்கிறது.

சங்கர், லிகிதர் என்ற முனிவர் இருவரும் உடன்பிறந்தோர். பாஹுதா நதிக்கரையில் தனித்தனி ஆசிரமங்களில் வாழ்ந்தனர். ஒருநாள் தமையனாரைக் காண வந்த லிகிதர், அவர் இல்லாத நேரத்தில் மரத்தில் கனிந்திருந்த பழங்களைப் பறித்து உண்ணத் தொடங்கினார். திரும்பி வந்த சங்கர், பழங்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டார். லிகிதர் அண்ணனை வணங்கி, சிரித்தவாறே, இங்கிருந்துதான் என்றார். சங்கர் சிரிக்கவில்லை. கேளாமல் எடுத்தது களவு. அரசனிடம் சென்று நடந்ததைச் சொல்லி, திருடனுக்குரிய தண்டனையைக் கேட்டுப் பெறுக என்றார்.

லிகிதர் மறுபேச்சின்றிச் சென்றார். மன்னன் சுத்யும்னன் எதிர்கொண்டு வரவேற்றான். கேட்பதைச் செய்வதாக வாக்கும் அளித்தான். பின்னரே லிகிதர் தாம் வந்த காரணத்தைச் சொன்னார். மன்னன் திகைத்தான். தண்டிக்கும் உரிமை அரசனுக்கு உண்டென்றால் மன்னிக்கும் உரிமையும் உண்டல்லவா, வேறு எதையேனும் கேளுங்கள் என்று மன்றாடினான். லிகிதர் வேறெதையும் கேட்கவில்லை. அவருடைய இரு கைகளும் துண்டிக்கப்பட்டன. இன்றைய மனம் இத்தண்டனையின் கொடுமையைக் கண்டு நடுங்குகிறது, நடுங்கத்தான் வேண்டும். ஆயினும் புராணம் காட்ட வந்தது வேறு.

வலியோடு திரும்பி வந்த தம்பி, அண்ணனிடம் மன்னிப்பு வேண்டினார். உன்மீது எனக்குச் சினமே இல்லை, நீ தருமத்தை மீறினாய், அதற்கு இப்போது பரிகாரம் ஆகிவிட்டது, நதிக்குச் சென்று தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் நீர்க்கடன் செய் என்றார் சங்கர். கையில்லாதவர் எவ்வாறு தர்ப்பணம் செய்வார்? லிகிதர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீரில் மூழ்கினார், தர்ப்பணம் செய்ய முனைந்தார், தாமரை போன்ற இரு கைகள் அவருக்கு முளைத்தன.

வியப்புற்று ஓடிவந்து காட்டிய தம்பி, நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். இத்தகைய தவ வலிமை உங்களிடம் இருந்ததே, முதலிலேயே என்னைத் தூய்மைப்படுத்தியிருக்கலாமே! சங்கரின் விடை ஆழமானது. உன்னைத் தண்டிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, அது அரசனுடையது, அதனால் நீயும் தூய்மையடைந்தாய், அவனும் தூய்மையடைந்தான் என்றார். அண்ணனின் அன்பு அளவற்றது. எனினும் அந்த அன்பு, தம்பி நடந்து செல்ல வேண்டிய வழியைத் தான் நடந்து முடித்துவிடவில்லை.

இந்த வரலாற்றைப் படிக்கும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் ஒருவர், தம் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றை இதில் அடையாளம் கண்டுகொள்வார். இன்று அது ‘ஒப்புரவு’ எனப்படுகிறது. பழைய தலைமுறையினர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்பர். இறைவன் நாமத்தைப் பாடுவதற்குரிய சொல்லைப் பாவத்தைச் சொல்வதற்கு ஆண்ட துணிவு வியப்புக்குரியது. தமிழ் அச்சுக் கலையின் தொடக்கமும் இச்சாதனத்தோடு பிணைந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் தமிழ் நூல் ஒன்றை 1580-இல் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் அதுவும் ஒன்று.

திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1551-இல் இதன் கூறுகளை வரையறுத்தது. செய்ததற்காக மனம் நொந்து வருந்துதல், அதைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லுதல், பரிகாரம் செய்தல் என்னும் மூன்றும் வருந்துபவருடையவை. இறைவன் பெயரால் மன்னிப்பு வழங்குதல் குருவினுடையது. லிகிதரின் நடைப்பயணத்தில் இவை அனைத்தும் இருக்கின்றன. வரிசையும்கூட ஆதித் திருச்சபையின் வரிசையே. முதல் நூற்றாண்டுகளில் பெரும் பாவம் செய்தோர் நீண்ட காலம் வெளிப்படையாகத் தவமிருந்த பின்னரே ஆயரால் மீண்டும் சபையில் சேர்க்கப்பட்டனர். தனிமையில், வேண்டும்போதெல்லாம் சொல்லி மன்னிப்புப் பெறும் முறையை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இன்று மன்னிப்பு முதலில், பரிகாரம் பின்னர்.

காணிப்பாக்கத்துச் சத்தியம் ஊரறிய நடப்பது. ஒப்புரவு அதற்கு நேர்மாறானது. கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும், தம் உயிரைக் காக்கவும்கூட, வெளியிடலாகாது. நேரடியாக அதை வெளிப்படுத்தும் குரு அக்கணமே சபை விலக்குக்கு ஆளாகிறார். சொல்பவருக்கு அவமானம் வரக்கூடாது; அதே வேளையில், சொல்லாமலும் இருக்கக்கூடாது.

இங்கே வேதாந்தம் பயின்றவர் ஓர் ஐயம் எழுப்பலாம். ஆத்மா என்றும் தூய்மையானது. அதற்குப் பாவ அறிக்கை எதற்கு? மனிதனைப் பாவி என்று அழைப்பதை 1893-இல் சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் கண்டிக்கவில்லையா? கண்டித்தார். ஆனால் லிகிதர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். அவர், தாம் பாவி என்று அரசன் முன் புலம்பவில்லை. அண்ணனின் பழங்களைக் கேளாமல் தின்றேன் என்றார். ‘நான் பாவி’ என்பது வசதியான பொதுச்சொல். அதற்குள் எவரும் ஒளிந்துகொள்ளலாம். ‘இன்னாரிடமிருந்து இதை எடுத்தேன்’ என்பதற்குள் ஒளிய இடமில்லை. பெரும் பாவங்களை அவற்றின் வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்லவேண்டும் என்று திரெந்து சங்கம் வற்புறுத்தியதன் பொருளும் இதுவே எனலாம். செயலைத் தனியே எடுத்துச் சொல்ல முடிந்தவனே, அச்செயல் தன் சொரூபம் அன்று என்பதையும் உணர முடியும்.

2022 வரை சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்த திருப்பதிக்கு இதே ஐயத்தோடு செல்லலாம். பாவங்களை எரிப்பது என்றே வேங்கடம் என்னும் பெயருக்கு மரபில் பொருள் கூறுவர். அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, முடியைக் காணிக்கையாக்கி, கண்ணீருடன் நிற்கும் அடியவரின் வருத்தத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பங்காளியை ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை உண்டியலில் இட்டுவிட்டு நிம்மதியாக இறங்குபவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அவர் வருந்தியிருக்கலாம், இறைவனிடம் சொல்லியும் இருக்கலாம். பங்காளியின் பணமோ இன்னும் பங்காளியிடம் போய்ச் சேரவில்லை. திருடிய பொருளை உரியவரிடம் சேர்க்கும் கடமையை ஒப்புரவின் மன்னிப்பு நீக்குவதில்லை என்று கத்தோலிக்கப் போதனை தெளிவாகச் சொல்கிறது. குருவுக்கோ ஆலயத்துக்கோ தரும் காணிக்கை அதற்கு ஈடாகாது.

திருமலையிலும் இது புதிய செய்தி அன்று. தம் திருமணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு வேங்கடவன் இன்றும் வட்டி செலுத்தி வருகிறார் என்பது மக்கள் நம்பிக்கை. ‘வட்டிகாசுலவாடு’ என்றே தெலுங்கில் அவரை அன்போடு அழைக்கின்றனர். வாங்கியதைத் திருப்பித் தரும் தெய்வத்தின் முன்னால் நின்றுகொண்டு, வாங்கியதை மறந்துவிட அருள்வாய் என்று எவ்வாறு வேண்டுவது?

தருமசாஸ்திர ஆசிரியர்களின் வரிசையில், பிற்கால உரையாசிரியர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஒரு நூல் உண்டு. அது சங்கர் ஒருவர் பெயரால் மட்டும் வழங்கவில்லை. பழம் தின்ற தம்பியின் பெயரும் சேர்ந்து, ‘சங்க-லிகித தருமசூத்திரம்’ என்றே வழங்குகிறது.