மீந்த சோறும் மிஞ்சும் கேள்வியும்

முகூர்த்த நாள். கோவை மாநகரிலே ஒரு மண்டபம். ஆயிரம் பேர் வருவர் என்று எண்ணி அடுப்பு மூட்டினர். வந்தவரோ அறுநூறு பேர். அண்டாவிலே சோறு, வாளியிலே சாம்பார், கூடையிலே வடை! அதே இரவில், கூப்பிடு தூரத்தில், பேருந்து நிலையத்து ஓரத்திலே, வயிற்றில் ஈரத்துணியோடு சுருண்டு கிடக்கிறான் ஒருவன். இங்கே உண்ண ஆளில்லாத உணவு. அங்கே உண்ண உணவில்லாத ஆள். இரண்டுக்கும் இடையே இருப்பது என்ன? ஒரு தெரு மட்டுந்தானா?

தெரு மட்டுந்தான் என்றால், அதைக் கடப்பது எளிது. கடந்தும் காட்டினர் கோவை இளைஞர் சிலர். 2014ஆம் ஆண்டிலே அவர்கள் தொடங்கிய அமைப்புக்கு 'நோ ஃபுட் வேஸ்ட்' என்று பெயர். விருந்து வைத்தவர் தொலைபேசியில் அழைக்கலாம். கைப்பேசிச் செயலியிலே செய்தி தரலாம். தொண்டர் வந்து, மீந்த உணவைப் பெற்று, பசித்தவர் இருக்கும் இடம் சேர்ப்பர். அத்தகைய இடங்களைச் செயலியின் வரைபடத்திலேயே குறித்தும் வைக்கின்றனர். கோவையில் முளைத்த கொடி, பிற நகரங்களிலும் படர்ந்தது.

பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். காரணம் உண்டு. அன்னதானம் செய்தால் புண்ணியம் என்று நம்பியவனுக்குத் தன் மோட்சம் பெரிது; ஏழையின் வயிறு அதற்கோர் ஏணி. இங்கேயோ கணக்கு வேறு. சமைத்த உணவு சூடு தணிந்து கிடந்தால் கிருமி பெருகும். கெடுமுன் கொண்டு சேர்க்க வேண்டும். எனவே எத்தனை பேருக்கு, எவ்வளவு தொலைவு, எந்நேரத்துக்குள் என்று கேட்கின்றனர். மறுமைக் கணக்கல்ல, மணிக்கணக்கு! சாதிக்கொரு பந்தி விரித்த நாட்டிலே, உண்பவன் எவன் என்று கேளாமல் உணவு போகிறது. இது சிறு செய்தியா?

ஆயினும், தோழர்களே, பாராட்டி முடித்ததும் சிந்தனையை மூடிவிடலாகாது. சோறு தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது.

ஆடி மாதம் வருகிறது, மார்கழியும் வருகிறது. பஞ்சாங்கம் பார்ப்போர் அம்மாதங்களில் மணவிழா நடத்துவதில்லை. மண்டபத்திலே விளக்கில்லை, அண்டாவிலே மிச்சமில்லை. பசி மட்டும் பஞ்சாங்கம் பார்த்து விடுப்பு எடுக்கிறதா? 2020ஆம் ஆண்டின் ஊரடங்கை எண்ணிப் பாருங்கள். விருந்துகள் நின்றன. ஆலைகளும் நின்றன. கோவையிலும் திருப்பூரிலும் உழைத்துவந்த வெளிமாநிலத் தொழிலாளர் கூலியின்றித் தவித்தனர். பசி பெருகிய நாளே மிச்சம் மறைந்த நாள்! பிறர் மிச்சத்தை நம்பி வாழ்பவன், பிறர் மகிழ்ச்சியை நம்பி வாழ்கிறான். அவன் கையிலே செயலியும் இல்லை, உரிமைச் சீட்டும் இல்லை. காத்திருப்பது ஒன்றே அவனுக்குள்ள வேலை.

இதை உணர்ந்த நாடு வேறு வழியும் கண்டது. 1920இல் நீதிக்கட்சியின் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1967இல் அண்ணாவின் ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் நம் கோவையிலும் தொடங்கியது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே காலை உணவு வந்தது. இவை எவர் விருந்திலும் மீந்தவை அல்ல; பொதுப் பணத்திலிருந்து முதலிலேயே எடுத்து வைத்தவை. தட்டேந்தும் பிள்ளை எவருக்கும் நன்றி சொல்லித் தலைகுனிய வேண்டியதில்லை. ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

"அப்படியானால் செயலி எதற்கு? ஒட்டுப்போடும் வேலைதானே?" என்று சீறும் நண்பரும் உண்டு. அவருக்குச் சொல்வோம்: சமத்துவம் மலரும் நாள்வரை பொறுத்திரு என்று இன்றிரவு பசித்திருப்பவனிடம் கூற, வயிறு நிறைந்த நமக்கு உரிமையில்லை. காயத்துக்குக் கட்டுப் போடத்தான் வேண்டும். கட்டுப் போட்டதாலேயே கத்தியை மறந்துவிடக் கூடாது.

மற்றொன்று. மிச்சம் எங்கிருந்து வருகிறது? வீண் பெருமையிலிருந்து! இருபத்தொரு வகை பரிமாறினால்தான் குடும்ப மானம் நிற்கும் என்ற மயக்கத்திலிருந்து! 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு, வீட்டு அடுக்களையில் வீணானது. ஒரு கிலோ அரிசி விளைய, உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் நீர் வேண்டும். ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத கொங்கு உழவனிடம் கேளுங்கள், குப்பையிலே கொட்டிய சோறு என்ன விலையென்று!

எனவே, இளைஞர்காள், நாம் செய்யத்தக்கவை இவை. நம் வீட்டு மணவிழாவிலே வருவோரை எண்ணி உலை வைப்போம். மீந்தால், இலையில் பட்டதை அல்ல, அண்டாவிலே தூய்மையாக இருப்பதை, நாமே உண்ணத் தகும் நிலையிலே, நேரத்தோடு அனுப்புவோம். பெறுபவர் முகத்தைப் படம் பிடித்து விளம்பரம் தேடோம். மறுநாள் காலை, அதே மனிதருக்குக் குடும்ப அட்டை உண்டா, கூலி உண்டா, கூரை உண்டா என்று கேட்போம். இல்லையெனின், அதற்காகக் குரல் எழுப்புவோம்.

மீந்ததைத் தருவது நன்று. எவரும் மீந்ததற்குக் காத்திராத நாட்டை ஆக்குவது அதனினும் நன்று. முன்னதை இன்றிரவே செய்வோம். பின்னதை என்றும் மறவோம்!