கவிழ்த்தவர்க்குக் கொடுப்பது ஈகையா?

2023 ஜூலை 26 அன்று நைஜர் நாட்டு அதிபர் முகமது பசூமை அவருக்குக் காவல் நின்ற படையினரே சிறைவைத்தார்கள். அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றி, ஆட்சி தங்கள் கைக்கு வந்துவிட்டதாகவும் அறிவித்தார்கள். ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஆனாலும் நடந்தது இராணுவ ஆட்சிக் கவிழ்ப்புதான் என்று அமெரிக்க அரசு முறைப்படி ஒப்புக்கொள்ள அக்டோபர் 10 வரை ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் அறியாமை அல்ல. ஒப்புக்கொண்டால் அமெரிக்கச் சட்டப்படி நைஜர் அரசுக்கான உதவியை நிறுத்தியாக வேண்டும். அகடெஸ் நகரருகே ஏறத்தாழ 11 கோடி டாலர் செலவில் கட்டிய ட்ரோன் தளமும், நைஜரில் இருந்த சுமார் ஆயிரம் அமெரிக்கப் படையினரும் என்னாவது என்ற கவலை எழும். தன் வசதி பார்த்துச் சட்டத்தைத் திறப்பதும் மூடுவதும் அறமன்று. கவிழ்ப்பு நடந்தால் உதவி நிற்க வேண்டும், நண்பனானாலும் நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அந்தச் சட்டம் புதிதன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வெளிநாட்டு உதவிக்கு நிதி ஒதுக்கும்போது இந்தத் தடையையும் சேர்த்தே இயற்றி வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது 7008ஆம் பிரிவு. முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சித் தலைவரை இராணுவம் அகற்றினாலோ, அகற்றியதில் இராணுவம் தீர்மானகரமான பங்கு வகித்தாலோ, அந்த அரசுக்குப் பணம் கூடாது. தேர்தல் வழியே வந்த அரசு மீண்டும் பொறுப்பேற்ற பிறகே கொடுக்கலாம். இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டார்கள்: கவிழ்ப்பு நடந்ததா இல்லையா என்பதை இத்தனை நாளுக்குள் அரசு சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம். அந்தச் சந்து வழியாகத்தான் இத்தனை ஆண்டுகளாக அறம் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

எகிப்தைப் பாருங்கள். 2012இல் மக்கள் வாக்கால் அதிபரான முகமது மோர்சியை 2013 ஜூலை 3 அன்று தளபதி சிசி அகற்றினார். எகிப்துப் படைக்கு அமெரிக்கா ஆண்டுதோறும் கொடுப்பது 130 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளுக்கே திரும்பி வரும் பணம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். நடந்தது கவிழ்ப்பா என்று முடிவு செய்யும்படி சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது ஒபாமா அரசு. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எகிப்து இராணுவம் மக்களாட்சியை மீட்டுக்கொண்டிருந்தது என்றுகூட வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பேசினார். அதற்குப் பின் இரண்டு வாரங்கள் கழியுமுன், ஆகஸ்ட் 14 அன்று, கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் போர் விமானங்களும் டாங்கி உதிரிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. 2015 மார்ச்சில் அவையும் விடுவிக்கப்பட்டன. சட்டம் இயற்றிய அவையும் முன்பே கைகழுவியிருந்தது: உதவியை நிறுத்தக் கோரிய செனட் உறுப்பினர் ராண்ட் பாலின் திருத்தத்தை செனட் 86க்கு 13 என்ற வாக்கில் ஒதுக்கித் தள்ளியது. தன் சட்டத்தைத் தானே காக்காத மன்றத்தை என்னவென்று சொல்வது?

நம் மரபு இதில் தயங்கியதில்லை. குடிகளிடம் பொருள் கேட்கும் கொடிய மன்னனை வழிப்பறிக்காரனோடு ஒரே தட்டில் வைத்தார் வள்ளுவர், கொடுங்கோன்மை அதிகாரத்தில். ஆயுதம் ஏந்தி நிற்பவன் கேட்பது இரத்தல் ஆகாது என்றால், அவனுக்குக் கொடுப்பது மட்டும் எப்படி ஈகை ஆகும்? கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு நீதி கேட்டவுடன், குற்றவாளி தன் மகன் என்பதற்காக மனுநீதிச் சோழன் விசாரணையை ஒத்திவைக்கவில்லை. பாண்டிய மன்னன் தன் பிழை தெரிந்த அதே அவையில், தானே கள்வன் என்று வாய்விட்டுச் சொன்னான் என்கிறது சிலப்பதிகாரம். அவனுக்கு நாள் கடத்தத் தோன்றவில்லை. இன்னும் நெருக்கமான கதை குமணனுடையது. தம்பி நாட்டைப் பறித்துக்கொள்ள, குமணன் காட்டில் இருந்தான். வறுமையோடு வந்த பெருந்தலைச் சாத்தனார் அரியணையில் இருந்தவனை விட்டு, காட்டில் இருந்தவனைத் தேடிப் போனார். வயிற்றுப்பசி இருந்த புலவருக்கே அந்தத் தெளிவு இருந்தது. வல்லரசுக்கு இல்லாமல் போகலாமா?

உதவியை நிறுத்தினால் தண்டனை ஏழைக்குத்தானே என்பார்கள். அக்கறையான கேள்விதான். ஆனால் தடை அரசுக்கான உதவிக்கே. மனிதாபிமான உதவிக்கும் மக்களாட்சியை வளர்க்கும் பணிகளுக்கும் வழி திறந்தே இருக்கிறது. நைஜரிலும் பசிக்கான உதவி தொடர்ந்தது. படைக்குப் போகும் டாங்கியை நிறுத்துவதால் எந்தக் குடிசையிலும் உலை அணையாது.

அமெரிக்கா விலகினால் ரஷ்யா நுழையும் என்பது இரண்டாவது வாதம். வாஷிங்டனில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். நைஜரில் அப்படியே நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் இராணுவ ஒப்பந்தத்தை நைஜர் முறித்தது, ஏப்ரலில் ரஷ்யப் பயிற்சியாளர்கள் வந்து இறங்கினர், ஆகஸ்டில் அகடெஸ் தளம் கைமாறியது. ஆனால் கவிழ்ப்பில் முன்னின்ற தளபதிகளில் ஒருவரான மூசா பர்மூ அமெரிக்காவிலேயே பயிற்சி பெற்றவர். கொடுத்த காலத்தில் வாங்க முடியாத விசுவாசத்தை, கவிழ்ப்புக்குப் பின்னும் கொடுத்து வாங்கிவிடலாம் என்று நம்புவது எந்த அரசியல் நூலில் உள்ளது? கவிழ்ப்பு என்று சொல்லாமலே கொடுக்கப்பட்ட எகிப்தும் பிரான்சிடம் ரஃபேல் விமானங்களையும் ரஷ்யாவிடம் மிக் விமானங்களையும் வாங்கத்தான் செய்தது. மோர்சி 2019 ஜூனில் நீதிமன்றத்திலேயே விழுந்து இறந்தார். அதே ஆண்டு அரசமைப்பு திருத்தப்பட்டு, சிசி 2030 வரை பதவியில் நீடிக்க வழி பிறந்தது. அறத்தை விற்றதற்குக் கிடைத்த விலை இவ்வளவுதான்.

மக்களே வீதிக்கு வந்து இராணுவத்தை அழைத்தார்கள் என்ற வாதமும் உண்டு. எகிப்தில் பெருந்திரள் வந்தது உண்மை. ஆனால் கூடிய கூட்டத்தை எண்ணி ஆட்சியை மாற்றுவதற்கல்ல வாக்குச்சீட்டு இருப்பது. பிடிக்காதவரை இறக்க அடுத்த தேர்தல் இருக்கிறது; படையை அழைத்தால் அடுத்த தேர்தலே இருக்காது.

2023ஆம் நிதியாண்டுச் சட்டத்தில், தேசப் பாதுகாப்பு கருதி இந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் வெளியுறவு அமைச்சருக்குத் தரப்பட்டது. இதைத் தளர்வு என்று கண்டிப்பவர்கள் உண்டு. மௌனத்தைவிட இது மேல் என்றே கொள்ள வேண்டும்: கவிழ்ப்பு என்று முதலில் ஒப்புக்கொள்ளாமல் அதற்கு விலக்குக் கேட்க முடியாது. அந்த ஒப்புதலுக்கு முப்பது நாள் கெடு விதித்து, கெடு தாண்டினால் பணம் தானாக நிற்கும்படி எழுதுவதில் என்ன தடை? மீண்டும் கொடுப்பதற்கான நிபந்தனையையும் இறுக்க வேண்டியிருக்கிறது. காபோனில் 2023 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்த தளபதி ஒலிகி எங்கேமா 2025 ஏப்ரல் தேர்தலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்று அதிபரானார். கவிழ்த்தவரே வேட்பாளராக நின்று வென்றால் அதைத் தேர்தல் வழியே வந்த அரசு என்று சான்றளிக்கலாமா என்பதற்கு இப்போதைய சட்டத்தில் விடையில்லை. கவிழ்ப்பில் கைவைத்தவர் தலைமையேற்கும் அரசுக்கு அந்தச் சான்று கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.