துரியோதனன் விழவேண்டிய நாள்

கடலூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காப்புக் கட்டும் அன்றே, துரியோதனன் எந்த நாளில் விழப்போகிறான் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். விழா நோட்டீஸில் அச்சாகியிருக்கும். வில் வளைப்பு இன்ன நாள், பகடைத் துகில் இன்ன நாள், பிறகு அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், விடிந்தால் படுகளம், மாலையில் தீமிதி. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்துக்காரர்கள் அதை ஆடுவார்கள். சில ஊர்களில் பத்து நாள் நடக்கும். சில ஊர்களில் இருபது நாளையும் தாண்டும்.

கதை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் பகடைத் துகில் இரவில் பந்தல் கனத்துப் போகிறது. துச்சாதனன் வேடம் கட்டியவர் புடவையில் கை வைப்பதற்கு முன் சூடம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். திரௌபதி கூந்தலை அவிழ்த்துச் சபதம் செய்கிறாள். அன்றிலிருந்து அந்தச் சபதத்தை ஊர் முழுவதும் சுமக்கிறது. படுகளத்தன்று களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். ஒரு பெண்ணுக்கு ஊர் பட்டிருந்த கடன் அந்தக் காலை நேரத்தில் தீர்ந்துபோகிறது. அடுத்த திருவிழாவில் மறுபடியும் வில் வளைப்பு, மறுபடியும் பகடை. தலைமுறை தலைமுறையாக நடந்தும் அந்தக் கதை நைந்துபோகவில்லை.

அதே ஊர்களில், அதே இரவுகளில், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறு கதைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை சீக்கிரமே நைந்துபோகின்றன. சீரியல் பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: “மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப சும்மா இழுக்குறாங்க.” சிதம்பரம் மேல வீதியிலும் இதே பேச்சுதான், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலும் இதே பேச்சுதான். இந்தப் பேச்சை நாம் அலுப்பாகக் கேட்டுக் கடந்துவிடுகிறோம். அதற்குள் ஓர் உண்மையான துக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நன்றாக இருந்த ஒன்று கண்ணெதிரே கெட்டுப்போவதை நாள்தோறும் உட்கார்ந்து பார்ப்பது சின்ன விஷயமா?

நன்றாகத்தான் இருந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2002-இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் சிதம்பரம் என்ற பெயர் கொண்ட ஒரு தகப்பனார், தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றப் படும் பாட்டில் எத்தனையோ வீடுகள் தங்களைப் பார்த்தன. 2003-இல் வந்த ‘கோலங்கள்’ அபி, வீட்டின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கட்டுமானத் தொழிலில் காலூன்றி நின்ற பெண். அப்படி ஒருத்தியைத் தமிழ்த் திரை அதற்குமுன் அதிகம் காட்டியதில்லை. ‘மெட்டி ஒலி’ எண்ணூறு பகுதிகளைத் தாண்டி 2005-இல் முடிந்தது. ‘கோலங்கள்’ ஆறு ஆண்டுகள் ஓடி, ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டியது. முன்னதில் ஐந்து பெண்கள், ஐந்து வாழ்க்கை என்று கதைக்கே ஓர் எல்லை இருந்தது. பின்னதில் அபிக்கும் ஆதித்யாவுக்கும் நடந்த பகைக்கு அப்படி எல்லை எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் நிமிரும்போதும் அவளைக் கீழே தள்ள இன்னொரு சதி தேவைப்பட்டது.

ஏன் இப்படி ஆகிறது? விளம்பரம், டி.ஆர்.பி. என்று உடனே பதில் வரும். சரியான பதில்தான், பாதி வரைக்கும். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் போலக் கதை. வாரத்துக்கு ஐந்தாறு நாள். வியாழக்கிழமை மதிப்பீட்டுப் புள்ளிகள் வரும். எந்த ட்ராக் ஏறியதோ அது நீளும், எது இறங்கியதோ அது மறையும். கூட்டம் குறைந்தால் இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் சேர்த்து ‘மகா சங்கமம்’ நடத்துவார்கள். இந்த ஏற்பாட்டில் வென்ற தொடரை முடிக்க விடமாட்டார்கள், தோற்ற தொடருக்கு முடிக்க நேரம் கொடுக்கமாட்டார்கள். இரண்டு வழியிலும் முடிவு கதையின் கையில் இல்லை. பழைய தூர்தர்ஷன் பதின்மூன்று வாரம் என்று கட்டிப்போட்டதைக் குறையாகப் பேசினோம். அந்தக் கட்டுக்குள் ஒரு வடிவம் இருந்தது. அங்கேயும் ஆசை விடவில்லை. 52 பகுதி என்று தொடங்கிய ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ 78 வரை நீண்டது.

மீதிப் பாதிப் பதிலை எனக்குக் காட்டியது ஒரு புயல். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் பெரியம்மா வீட்டில் ஓடு பறந்து, தாத்தா காலத்துப் பலா மரங்கள் போய், நிவாரணத்துக்கு வரிசையில் நின்று, ஒரு துக்கமும் நடந்து முடிந்திருந்தது. கரண்ட் வந்த அன்று இரவு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். விட்டுப்போன கதையை யாரிடம் கேட்பது என்ற கவலை அவருக்கு. பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினார். “ஒண்ணுமே நடக்கலடா. நான் உட்டுட்டுப் போன எடத்துலயே நிக்கிறாங்க.”

அவர் வாழ்க்கையில் அந்த வாரங்கள் திரும்பி வராது. போன பலா மரங்கள் போனவைதான். கதைக்குள் மட்டும் எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை. அங்கே காலம் ஓடவே இல்லை. பெரியம்மா சொன்னது கேலியாக எனக்குக் கேட்கவில்லை. தன்னை விட்டுவிட்டு அவர்கள் எங்கோ போய்விடவில்லை என்ற ஆறுதலும் அந்தக் குரலில் இருந்தது.

முடிவை எடுத்துவிட்ட கதையில் நடக்கும் எந்தச் செயலுக்கும் கனம் இருக்காது. செத்தவர் இரட்டைப் பிறவியாகத் திரும்பி வரலாம், கைதானவன் மறுவாரமே வெளியே வரலாம், உண்மை தெரிந்தவருக்கு விபத்தில் நினைவு தப்பிப்போகலாம். ‘பாரதி கண்ணம்மா’வின் நாயகன் பாரதி ஒரு டாக்டர். மனைவியின் குழந்தை தன்னுடையதுதானா என்ற அவனுடைய சந்தேகத்தை ஒரு டி.என்.ஏ. பரிசோதனை ஒரே வாரத்தில் தீர்த்திருக்கும். 2019-இல் தொடங்கிய தொடரில் அந்தப் பரிசோதனைக்காக நாடே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. அவனை டாக்டராகப் படைத்தவர்களே அவனுக்கு மருத்துவம் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சரிவு தொடங்கும் இடம் இதுதான். கதை நகராதிருக்க வேண்டுமானால் அதற்குள் இருக்கும் மனிதர்கள் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. பட்ட அடி மறக்க வேண்டும், கேட்ட பொய்யை மறுபடி நம்ப வேண்டும், சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நூறு பகுதிகளுக்கு விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புத்திசாலிப் பெண்ணாக அறிமுகமானவள் நாளடைவில் அசடாக்கப்படுகிறாள். நாம் நேசித்த ஒருத்தியை நம் கண்முன் இப்படி ஆக்குவது அவளுக்கும் நமக்கும் சேர்த்துச் செய்யும் அவமரியாதை.

நீளம் குற்றமில்லை. கூத்துக்காரர்களைப் போல நீட்டுகிறவர்கள் யாரும் இல்லை. ஒரு துகிலுரிதலுக்கு ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் கட்டியங்காரன் வந்து ஊர் நடப்பை எல்லாம் பேசிச் சிரிக்க வைப்பான். யாருக்கும் சலிப்பு வருவதில்லை, ஏனென்றால் அந்த இரவின் ஒவ்வொரு நாழிகையும் படுகளத்தை நோக்கிப் போகிறது. திரௌபதியின் கண்ணீருக்குப் பதில் உண்டு, அதற்கு ஒரு நாளும் உண்டு. அந்த உறுதி இருப்பதால்தான் அவள் அழும்போது நாமும் துணிந்து அழுகிறோம். ஒரு கதையின் முடிவு அதன் முதல் காட்சியிலிருந்தே வேலை செய்கிறது. நடுவில் நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதுதான் எடை கொடுக்கிறது. நம் வாழ்க்கையிலும் வேறு கணக்கு கிடையாது. அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கு மதிப்பு வருவது, என்றைக்கோ ஒரு நாள் அது நின்றுபோகும் என்பதால்தான். முடிவில்லாத நேசத்துக்கு நாம் ஆசைப்படலாம். நம்மால் நேசிக்க முடிந்தவை எல்லாம் முடியக்கூடியவை.

முடிவு என்ற ஒன்று இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2011-இல் தொடங்கியபோது அதற்கு மூலமான நாவல் வரிசையில் ஐந்து புத்தகங்கள் அந்த ஆண்டோடு வந்துவிட்டிருந்தன. ஆறாவது வரவே இல்லை. தொடர் புத்தகத்தைத் தாண்டி ஓடியது. கடைசி இரண்டு பருவங்களையும் ஏழு, ஆறு என்று சுருக்கி, 2019-இல் அவசரமாகக் கதவைச் சாத்தியது. கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நம்முடையவர்கள் முடிக்க மனமில்லாமல் கெடுத்தார்கள், அவர்கள் முடித்துவிடும் அவசரத்தில் கெடுத்தார்கள். முடிவை நோக்கி நடந்து வராதவர்களுக்கு முடிவு வந்தும் பயனில்லை.

முடிவு வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு இந்தத் தொடர்கள் கதைகளாகவே இல்லை. எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகும் மனிதர்கள் அவர்கள். வந்தால் போதும், என்ன பேசினால் என்ன? எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஆனால் இந்த அம்மாக்கள்தான் இந்தத் தொழிலுக்கு மிக விசுவாசமான பார்வையாளர்கள். ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்கு நைந்த சரக்கைக் கொடுப்பதற்கு அவர்களுடைய தனிமையைக் காரணமாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. துணைக்கு வருகிறவர்கள் மரியாதையோடு வரட்டும்.

தொடர்வதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ எழுதினார். கெட்டுப்போய் வந்து நிற்கும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்ளும் ஒரு தாயின் கதை. அது தன்னளவில் முடிந்த கதை. பிறகு அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. அதற்கு 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது. அதன்பின் ‘கங்கை எங்கே போகிறாள்’. அதோடு நாயகி கங்கையை விட்டுவிட்டார். புதிய கேள்வி இருந்தவரைக்கும் தொடர்ந்தார். சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985-இல் மறைந்த மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதியவை இருபத்துநான்கு கதைகள் போல. இன்னும் எழுதச் சொல்லி அவரைக் கேட்காதவர்களா இருந்திருப்பார்கள்? அந்தக் கதைகளை இன்றைக்கும் தேடிப் படிக்கிறோம்.

கதையை உரிய இடத்தில் நிறுத்துவது தொலைக்காட்சியிலும் நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ ஒவ்வொரு கதையையும் முடித்துவிட்டே அடுத்த கதைக்குப் போனது. ‘ரகசியம்’ முடிந்தது, ‘விடாது கருப்பு’ புதிதாகத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பார்த்தவர்கள் காட்சி காட்சியாகச் சொல்வார்கள். ‘கோலங்கள்’ தந்த திருச்செல்வமே 2022-இல் ‘எதிர்நீச்சல்’ தொடங்கினார். ஒரே வீட்டுக்குள் அடைபட்ட மருமகள்கள் மெல்லத் தலைநிமிரும் அந்தக் கதை, முதல் ஓராண்டில் தமிழ்த் தொடர்களில் நான் பார்த்த மிகச் சிறந்த எழுத்து. அந்த வீட்டை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அது யார் கையிலும் இல்லாத இழப்பு. அதன்பின் தொடர் தடுமாறி 2024 ஜூனில் நின்றது, டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடியும் வந்தது. அந்தப் பெண்கள் வாசலைத் தாண்டி வெளியே வந்த இடத்தில் கதையை விட்டிருக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு.

தொடர் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தொடங்கும் நாளிலேயே எத்தனை பகுதி என்று அறிவியுங்கள். நூற்றைம்பதோ முந்நூறோ, உங்கள் வசதிப்படி இருக்கட்டும். கதை ஏறினாலும் இறங்கினாலும் அந்த நாளில் முடியுங்கள். மறுநாள் அதே நேரத்தில் புதுக் கதை ஒன்றைத் தொடங்குங்கள், நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களிடமும் ஒன்று. ஒரு கதை முடிந்துவிட்டது என்று உங்கள் மனத்துக்குத் தெரிந்த அன்றே அதைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அதைப் படைத்தவர்களுக்கு நாம் அனுப்பக்கூடிய கடிதம் அது ஒன்றுதான்.