ஊழும் தடுப்பூசியும்

நோய் வருமுன் காக்கும் மருந்தை மறுத்தல் இறைவன் திருவுள்ளத்துக்கு அடங்கி நிற்றலாகுமா, அன்றி அவன் அளித்த அறிவைப் புறக்கணித்தலாகுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. இது நூலளவில் நிற்பதன்று. ஆண்டுதோறும் நம் இல்லங்களில் எழுவது. இன்புளுவென்சா என்னும் தொற்றுச் சளிச்சுரத்துக்குரிய தடுப்பூசியை இட்டுக்கொள்ளுமாறு இளையோர் வேண்டுவர். முதியோரோ, 'எல்லாம் விதிப்படி நடக்கும். எனக்கு எதற்கு ஊசி?' என்று மறுப்பர். அம்மறுப்பில் சித்தாந்தக் கொள்கை எத்துணை, பிற எத்துணை என்று பகுத்தறிதல் சைவ நன்மக்களுக்குக் கடனாம்.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் முதலிய ஊர்களின் வாழ்க்கையை நோக்குவார்க்கு இவ்வினாவின் அருமை விளங்கும். ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் விடியுமுன்னரே ஆடவரும் பெண்டிரும் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் மீள்வர். ஒருவர்க்குற்ற சளிச்சுரம் அவ்வண்டியிலேயே மற்றவரைப் பற்றும். மாலையில் வீட்டுக்கும் வரும். வீட்டிலோ, பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு தாத்தாவும் அப்பத்தாவும் இருப்பர். இளையோர்க்குச் சில நாள் துன்பமாய்க் கழியும் அந்நோய், முதியோர்க்கு நுரையீரற் சுரமாய் முற்றி உயிர்க்கும் இறுதி செய்வதுண்டு.

1918ஆம் ஆண்டில் பம்பாயில் புகுந்து நாடெங்கும் பரவிய இந்நோயால் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தார்க்கு நோயின் காரணமே தெரியாது. மனிதரைப் பற்றும் இவ்வைரஸ் 1933இல்தான் பிரித்தறியப்பட்டது. தடுப்பூசி 1940களில் வழக்கிற்கு வந்தது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இந்நோயின் மூச்சுத் துன்பத்தால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. இந்நுண்ணுயிர் தன் வடிவை அடிக்கடி மாற்றிக்கொள்வதாகலின், ஊசி மருந்தும் மாற்றியமைக்கப்படுகின்றது. அதனை ஆண்டுக்கொருமுறை இட்டுக்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டில் இந்நோய் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிகுதலாலும், ஊசியின் பயன் உடலிற் சேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆதலாலும், மழைக்கு முன்னரே இட்டுக்கொள்ளுதல் தக்கது.

இனி மறுப்போர் கூற்றுக்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

'பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டுவது. ஊசி அதனைத் தடுக்குமோ?' என்பது முதற்றடை. நுகர்வினை உண்மையே, அதனை மறுப்பார் சைவரல்லர். ஆயின், வினை தானே வந்து ஊட்டாது. இறைவன் ஊட்ட, ஏதேனும் ஒரு வாயில் பற்றியே உயிரைச் சாரும். நம் வினைக்கணக்கில் நோய் எழுதப்பட்டதோ, நோயினின்று தப்புதல் எழுதப்பட்டதோ, நாம் அறியோம். நோய் வருதல் ஊழின்பாற்பட்டதென்று துணிபவர், அந்நோயைத் தடுக்கும் மருந்து தம் வாயிலில் வந்து நிற்றலும் ஊழின்பாற்பட்டதே என்று துணியாமை என்னை? அற்றேல், 'யான் மறுப்பதும் ஊழே' எனின், அங்ஙனங் கூறுவார்க்கு நூலும் வேண்டா, குருவும் வேண்டா, வழிபாடும் வேண்டா என்று முடியும். இறைவன் உயிர்க்கு உடலும் கருவியும் கொடுத்தது அறிந்து செயற்படுதற்கே. கொடுத்த கருவியைப் பயன்கொள்ளாது வாளா கிடத்தல் அடக்கமன்று. அறிவை மறைக்கும் ஆணவத்துக்கு இடங்கொடுத்தலேயாம்.

இவ்வுண்மையைத் திருஞானசம்பந்த சுவாமிகளின் வரலாறே நமக்குக் காட்டும். கொடிமாடச் செங்குன்றூரில் சுவாமிகளுடன் இருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றி வருத்திற்று. அவர் அஃது அவரவர் வினையென்று கூறி வாளா அமர்ந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி அச்சுரத்தை நீக்கியருளினார். முன்னை வினையே இதற்குக் காரணம் என்று பேசிக்கொண்டு, உய்யும் வழி நாடாதிருத்தல் குறையென்பதே அப்பதிகத்தின் தொடக்கத்து எழும் கருத்து. 'அவர் நாடியது இறைவன் திருவடி. ஊசியன்றே' எனின், ஆம். ஆயின் திருவடி நாடுதல் வேறு, மருந்துண்டல் வேறு என்று பகைகொள்ளச் செய்தல் அப்பதிகத்தின் கருத்தன்று. புள்ளிருக்குவேளூரில் இறைவனை வைத்தியநாதனென்றே வழிபடும் நமக்கு, மருந்து எங்ஙனம் அயலாகும்?

மேலும், விதியென்று கூறுவோர் எல்லாவற்றிலும் விதியென்று இருப்பதில்லை. கண்ணிற் புரை வளர்ந்தால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்று அறுவை செய்துகொள்கின்றனர். சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்குகின்றனர். ஆண்டெல்லாம் பேசாத விதி ஊசியைக் கண்டவுடன் பேசுமாயின், அச்சொல் வேறொன்றன்மேல் இட்ட போர்வை என்பது தெளிவு. சிலர்க்கு அது வலிக்கு அஞ்சும் அச்சம். சிலர்க்கு, தாம் வளர்த்த மகன் தமக்கு ஆணையிடுகின்றானே என்னும் மனத்தாங்கல். மிகப் பலர்க்கு, 'போகிற காலத்தில் என்னால் இவர்களுக்குச் செலவேன்' என்னும் அன்பு. இவ்வூசி அரசினர் குழந்தைகட்கும் கருவுற்றார்க்கும் இலவசமாக இடும் தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் விலை கொடுத்தே பெறல் வேண்டும். ஆதலின் 'விதி' என்னும் விடையைக் கேட்ட இளையோர், விதியைப் பற்றி வாதாடுதற்கு முன் அப்போர்வையின் கீழ் உள்ளது யாதென்று அறிதல் வேண்டும். செலவுக்கு அஞ்சும் அப்பத்தாவிடம் சித்தாந்தம் பேசிப் பயனென்?

'ஊசி இட்டுக்கொண்டவர் இறந்தாரே' என்பது இரண்டாந் தடை. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நகைச்சுவை நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி இட்டுக்கொண்டார்; 17ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். இச்செய்தி கேட்டுத் தமிழ்நாட்டில் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். ஆராய்ந்த அரசுக் குழுவினர், அவ்விறப்புக்கு ஊசி காரணமன்று என்று அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தனர். காகம் அமரப் பனம்பழம் வீழ்ந்தது கண்டு, காகமே வீழ்த்திற்று என்பார்க்கு விடையாகவே நம் முன்னோர் காகதாலீய நியாயம் என ஒன்று வகுத்தனர். முன்னது பின்னதற்குக் காரணமென்று துணிதற்கு, முன்பின்னாதல் மட்டும் போதாது. இன்புளுவென்சா ஊசியில் இடப்படுவது பெரும்பாலும் உயிரற்ற நுண்ணுயிரின் கூறேயாதலின், அது அந்நோயைத் தோற்றுவிக்கமாட்டாது. கைவலியும் ஓரிரு நாள் மெலிந்த சுரமும் சிலர்க்கு உண்டாம். முன்பு இவ்வூசியால் கடுமையான ஒவ்வாமை உற்றவர் மருத்துவரை வினவியே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது தடை சைவர்க்கே உரியது, இலேசாகத் தள்ளத்தக்கதன்று. இவ்வூசி மருந்துட் பெரும்பான்மை, கரு வளரும் கோழி முட்டையில் நுண்ணுயிரை வளர்த்து, பின் அதனைக் கொன்று தூய்மை செய்து ஆக்கப்படுவது. புலால் மறுத்தலை வாழ்நாள் முழுதும் காத்த ஒருவர், 'இஃது எனக்காகாது' என்பாராயின், அவரை இகழ்தல் அறமாகாது. 'உண்பதன்றே, குத்திக்கொள்வதுதானே' என்பது சொற்சாலமே. கொலை உண்ணும் வாயை மட்டும் பற்றியதன்று. ஆயினும் அப்பெரியாரும் தம்மை வினவிக்கொள்ளக் கடவர். பூசைக்கு உடுக்கும் பட்டில் எத்துணைப் புழுக்களின் உயிர் போயிற்று? தமிழ் மருந்துகளிற் கத்தூரியும் கோரோசனையும் எங்கிருந்து வந்தன? இவற்றைக் கொண்டவர் ஊசியை மட்டும் விலக்குதல் விரதமோ, வேறோ என்று தம் நெஞ்சையே கேட்பாராக. முட்டையின்றி ஆக்கும் ஊசி வகைகளும் உலகில் உண்டு. கிடைக்குமா என மருத்துவரை வினவலாம். இவ்வளவும் அறிந்து, கொல்லாமை கருதியே ஒருவர் மறுப்பாராயின் அஃது அவர் நோன்பு, போற்றுதற்குரியது. ஆனால் நோன்புக்கு ஒரு கடனும் உண்டு. சுரங் கண்டபோது பேரக் குழந்தைகளை விட்டு விலகியிருத்தலும், வாயும் மூக்கும் மூடுதலும், தம்மைச் சூழ்ந்தோர் ஊசி இட்டுக்கொள்வதைத் தடுக்காமையும் அவர்மேலன. தம் உடல் தம் உரிமையே. தம் இருமல் பிறர்மேல் தெறிக்கும்பொழுது அவ்வுரிமை அவ்வளவில் நிற்பதாகும்.

இனி இளையோர் கடன். 'சத்து ஊசி' என்று பொய் சொல்லி ஏமாற்றி இட்டுவிடுதல் தக்கதோ? குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்ததாம் என்று திருவள்ளுவனார் இசைந்தாரன்றோ எனின், 'குற்றமற்ற' என்னும் வரம்பை உற்றுநோக்குக. இதற்கு நம் நாட்டில் ஒரு சான்று உண்டு. பசுவம்மைப் பாலைக் குத்தும் முறை 1802இல் இந்தியாவிற்கு வந்தபோது, மாரியம்மன் சினங்கொள்வாள் என்று மக்கள் அஞ்சினர். அவரை இணங்குவிக்கக் கருதி, திருக்குறளுக்கு உரைகண்ட எல்லீசர், அம்மையாகிய தெய்வமே அம்முறையை அருளியதாகத் தமிழில் ஓர் உரையாடல் புனைந்தார். 1819இல் சென்னைப் பத்திரிகையொன்றில், தன்வந்திரி பெயரால் அம்முறையைக் கூறும் வடமொழிப் பகுதியொன்றும் வெளிவந்தது. அதுவும் புனைவே என ஆய்ந்தோர் பின்னர்க் காட்டினர். கருத்து நல்லதே, விளைந்தது யாது? அப்புனைவை மெய்யெனக் கொண்டு கற்றோரும் நெடுங்காலம் மயங்கினர். பெரியம்மையை ஒழித்தது அப்பொய்யன்று. தலைமுறை தலைமுறையாக வீடுவீடாய்ச் சென்று குத்திய ஊசியே. இந்தியாவில் 1975இல் கடைசியாகக் கண்ட அந்நோய், 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்தும் வழிபாடு ஒழியவில்லை. வீரபாண்டிக் கௌமாரியம்மன் சந்நிதியில் இன்றும் சித்திரைதோறும் அடியார் தீச்சட்டி ஏந்துகின்றனர். ஊசியால் அம்மனுக்குக் குறையொன்றும் நேர்ந்ததில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்புளுவென்சா ஊசியோ ஆண்டுதோறும் வேண்டப்படுவது. ஓராண்டு ஏமாற்றப்பட்ட முதியவர் மறுவாண்டு கை நீட்டார். ஊசிக்கு மட்டுமன்று, மகன் கொடுக்கும் எம்மருந்துக்கும் நீட்டார். ஆகவே ஆண்டுக்கொருமுறை கேட்க வேண்டுவதொன்றில், பொய் குற்றமற்ற நன்மை பயத்தல் அரிது. உள்ளதை உள்ளவாறே கூறுக: இவ்வூசி நோயை முற்றும் தடுப்பதென்று உறுதி கூறாதீர்; மூப்பில் இதன் ஆற்றல் குறைதலும் உண்டு; எனினும் நோய் முற்றி மருத்துவமனையிற் கிடக்கும் இடரைக் குறைக்கும் என்று கூறுக. முதலில் நீங்கள் இட்டுக்கொள்க. அது சொல்லினும் வலியது. செலவை அவர் அறியாமல் மறைக்காது, 'எங்களைத் தூக்கி வளர்த்த கைக்கு இது செலவாகுமா, அப்பத்தா?' என்று கேட்க. அதன்பின்னும் மறுப்பாராயின் வன்புறுத்தாதீர். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க.

முதியோர்க்கும் ஒன்று கூறி அமைவாம். உடம்பை இறைவன் கோயிலெனக் கண்டு பேணியவர் திருமூலர். நும் உடம்பு, திருநீறு அணியவும், திருமுறை ஓதவும், பேரனுக்கு அஞ்செழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் இன்னும் வேண்டப்படுவது. அது விழும் நாளை இறைவன் அறிவான். விழும்வரை காத்தல் நும் பணி. அப்பணியைச் செய்துவிட்டு, 'எல்லாம் அவன் செயல்' என்று கூறுவீராயின், அச்சொல் நும் வாயில் மெய்யாம்.